பிளேஓஃபுக்கு முன் காயத்திலிருந்து திரும்பும் வீரர்: ஜூலை ஒப்பந்தத்தைப் பணயம் வைக்கிறாரா?

உவர்மலை வாசகன் கேட்கிறார்:

வணக்கம். நான் திருகோணமலையில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளே மட்டும் கண்ட ஊரில் இருந்துகொண்டு பனி ஹொக்கியைப் பற்றிக் கேட்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அண்ணருடைய குடும்பம் ஸ்காபரோவில் குடியேறிய பின்னர், அவருடைய மகனோடு தொலைபேசியில் கதைப்பதற்கு வேறு பொதுவான விடயம் அகப்படாமல்தான் இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கினேன். இப்போது விட முடியவில்லை. ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் எங்களுக்கு அது விடிகாலை நாலரை மணி. வீட்டில் எல்லோரும் உறங்கும்போது தேத்தண்ணீரோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு வாய்ப்பான நேரம்தான்.

எனக்கும் அண்ணர் மகனுக்கும் இடையில் ஒரு வழக்கு நெடுநாளாகத் தீராமல் இருக்கிறது. ஒரு வீரரின் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் திகதியோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதலாந் திகதி நண்பகலில் அவர் பிரீ ஏஜென்ட் ஆகி, எந்த அணியோடும் பேரம் பேசலாம். மாசி மாதத்தில் அவருக்குக் கவட்டுத் தசையில் காயம் ஏற்படுகிறது. வழக்கமான பருவத்தின் கடைசி இரண்டு மூன்று ஆட்டங்களுக்குத்தான் மீண்டும் பனியில் இறங்குகிறார். அங்கிருந்து நேரே பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வெற்றி பெறவேண்டும், கிண்ணம் வரைக்கும் பதினாறு வெற்றி. இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில், ஒருவரையொருவர் மோதித் தள்ளுவது மிகக் கடுமையாக இருக்கும் காலமும் அதுவே. ஆறியும் ஆறாத தசையோடு அங்கே போய், மறுபடியும் கிழிந்தால், ஜூலையில் யார் அவருக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுப்பார்கள்? திரும்பாமல் ஓய்வெடுப்பதே புத்தி என்பது என் வாதம். திரும்பாவிட்டால்தான் விலை விழும் என்கிறான் பெடியன்.

இது வெறும் பொழுதுபோக்கு வழக்காக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தங்கையின் மகன் இங்கே உதைபந்தாட்டம் ஆடுகிறான், வயது இருபது. மூன்று வாரங்களுக்கு முன், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும்போது கல்லால் எறிபட்டவன் போலத் தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கழகத்தார் குளிர்த் தெளிப்பானை அடித்து, துணியைச் சுற்றி, "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் நான் பார்த்தபோது, தொடை நடுவிலிருந்து முழங்கால் மடிப்புவரை கத்தரிப்பூ நிறத்தில் கண்டிப்போயிருந்தது. இன்னும் பத்து நாட்களில் ஏகாம்பரம் மைதானத்தில் அரையிறுதி. கொழும்புக் கழகம் ஒன்றிலிருந்து ஆள் வந்து அவனைப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஆடியே தீருவேன் என்கிறான். என்எச்எல் (வட அமெரிக்காவின் பனி ஹொக்கி லீக்) வீரர்களின் கணக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்தால், இவனோடு கதைப்பதற்கு எனக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

மார்க்கம் வீதி:

வணக்கம் சேர். நான் அன்புவழிபுரத்தில் பிறந்து இருபது வருடங்களாக ஸ்காபரோவில் இருப்பவன். உங்கள் பெறாமகன் சொல்வதிலும் நியாயம் உண்டு, நீங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வீரரின் வயதைக் கேட்காமல் இருவரும் வழக்காடுவதுதான் பிழை என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்தும் ஆள் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ். 2016ஆம் ஆண்டு ரம்பா பே அணியின் தலைவராக இருந்த அவருக்குக் காறை எலும்பின் அருகே இரத்தம் உறைந்து, ஏப்ரல் தொடக்கத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அதே ஜூன் மாதத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. ரொறன்ரோவுக்கு வருவார் என்று இங்கே முழு நகரமுமே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது, நானும்தான். மே 26ஆம் திகதி, பிற்ஸ்பேர்க் அணிக்கு எதிரான மாநாட்டு இறுதியின் (கிண்ண இறுதிக்கு முந்திய சுற்று) ஏழாவது ஆட்டத்தில் இறங்கினார். பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆடினார், கோல் இல்லை, ரம்பா 2-1 என்று தோற்று வெளியேறியது. உங்கள் வாதப்படி அது வீண் துணிச்சல். ஆனால் ஜூன் 29ஆம் திகதி, சந்தை திறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அதே ரம்பா அவருக்கு எட்டு வருடத்துக்கு ஆண்டொன்றுக்கு 8.5 மில்லியன் டொலர் வீதம் ஒப்பந்தம் கொடுத்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தால் அவருடைய விலை ஒரு சதமும் ஏறவில்லை, இறங்கவுமில்லை என்பதே என் கணிப்பு. அவருக்கு அப்போது 26 வயது. ஒரு பருவத்தில் அறுபது கோல் அடித்த ஆள் என்பது எல்லா அணிக்கும் முன்னரே தெரியும்.

இனி மறுபக்கம். பிராட் மார்ச்சன்ட் 2025 மார்ச் முதலாந் திகதி பொஸ்ரன் அணிக்கு ஆடும்போது காயப்பட்டார். காயத்தோடு இருக்கும்போதே மார்ச் 7ஆம் திகதி புளோரிடா பந்தர்ஸ் அணி அவரை வாங்கியது. வாங்கிய விலையிலே ஒரு கொக்கி இருந்தது: புளோரிடா இரண்டு சுற்று வென்று, அவரும் அவற்றில் பாதி ஆட்டங்களிலாவது ஆடினால், பொஸ்ரனுக்குக் கொடுக்கவேண்டிய இரண்டாஞ் சுற்றுத் தெரிவு (புதிய இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) முதற் சுற்றுத் தெரிவாக மாறும். அவர் மார்ச் கடைசியில் திரும்பினார். பிளேஓஃபில் பத்துக் கோல், அவற்றில் ஆறு எட்மன்டனுக்கு எதிரான இறுதித் தொடரில். கிண்ணம் வென்ற சில வாரங்களுக்குள், 37 வயதில், ஆறு வருட ஒப்பந்தம், ஆண்டுக்கு 5.25 மில்லியன். அந்த வயதுக்காரரைப் பார்த்துச் சந்தை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த உடம்பு இன்னும் ஓடுமா? வீட்டில் படுத்திருந்து அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாது. ஆகவே இளையவர் பொறுத்திருக்கலாம், மூத்தவர் இறங்கித்தான் ஆகவேண்டும். எல்லோரும் பொதுவாக இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என்எச்எல் வீரரின் சம்பளம் வழக்கமான பருவத்தின் நாட்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை பிளேஓஃபில் ஆடும் இரண்டு மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. லீக் ஒதுக்கும் ஒரு தொகையை அணிகளுக்கிடையே பங்கிடுவார்கள், நட்சத்திர வீரரின் சம்பளத்தோடு பார்த்தால் அது கைச்செலவுக் காசு. எனவே அவர் பணத்துக்காகத் திரும்புகிறார் என்று சொன்னால் அது ஜூலைப் பணமாகத்தான் இருக்கவேண்டும், அல்லது கிண்ணத்தின்மேல் உள்ள ஆசையாக இருக்கவேண்டும். எனக்கென்னவோ பின்னதுதான் பெரிது என்று படுகிறது.

பன்குளத்தான்:

பிளேஓஃபுக்குச் சரியாக முன்னால் திரும்புவது எப்போதும் தசை ஆறிய நாளைப் பொறுத்தது என்று நம்பவேண்டாம். ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முன்னர், நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவரைப் போட்டால், அவருடைய சம்பள அளவுக்கு அணி அந்த உச்சவரம்பைத் தாண்டி வேறு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்போதெல்லாம் பிளேஓஃப் தொடங்கியதும் உச்சவரம்பே இல்லாமற் போய்விடும். நிக்கிற்றா குச்செரோவ் இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் 2020-21 பருவத்தின் 56 ஆட்டங்களிலும் இல்லை. பிளேஓஃபின் முதலாட்டத்தில் வந்து, கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 32 புள்ளிகளோடு எல்லோரையும் முந்தி, ரம்பாவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். வெற்றிக் கொண்டாட்டத்தில் "உச்சவரம்புக்கு மேல் 18 மில்லியன்" என்று எழுதிய ரீசேட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். சத்திரசிகிச்சை உண்மை, காயமும் உண்மை. திரும்பும் நாளை மட்டும் மருத்துவரோடு சேர்ந்து கணக்காளரும் குறித்திருப்பார் என்பது என் சந்தேகம். 2025-26 பருவத்திலிருந்து பிளேஓஃபிலும் உச்சவரம்பு உண்டு என்று விதியை மாற்றிவிட்டார்கள், சும்மா மாற்றவில்லை.

அலஸ்தோட்டம் இயன்மருத்துவர்:

சேர், ஒப்பந்தக் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தசையின் கணக்கை நான் எழுதுகிறேன். முதலில் இரண்டு காயங்களையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

ஹொக்கி வீரருக்கு அடிக்கடி போவது தொடையின் உட்புறத் தசை. சறுக்கும்போது ஒவ்வொரு தள்ளலிலும் கால் பக்கவாட்டில் வெளியே போகிறது. அதைப் பிடித்து நிறுத்தி மீண்டும் உள்ளே கொண்டுவருவது இந்தத் தசையின் வேலை. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் அது பிய்கிறது. 2001ஆம் ஆண்டு வெளியான ரைலர் குழுவினரின் ஆய்வு என்எச்எல் வீரர்களிடம் நடத்தப்பட்டது: உட்புறத் தசையின் பலம் வெளிப்புறத் தசையின் பலத்தில் 80 சதவீதத்துக்குக் குறைந்திருந்தவர்களுக்கு இந்தக் காயம் ஏற்படும் வாய்ப்பு 17 மடங்காக இருந்தது. ஆகவே "வலி இல்லை" என்று வீரர் சொல்வதை வைத்து அங்கே அனுமதி கொடுக்கமாட்டார்கள். இரண்டு பக்கத்தையும் கருவியால் அளந்து பார்ப்பார்கள். அனுமதியிலே திருப்தி இல்லையென்றால், அணிக்கு வெளியே உள்ள மருத்துவரிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கும் உரிமையும் வீரருக்கு ஒப்பந்த விதிகளிலேயே உண்டு. ஜூலையில் சந்தைக்குப் போகும் ஒருவருக்கு அந்த உரிமை மிகப் பெரியது, ஏனென்றால் அணி மருத்துவரின் எசமான் அணிதான்.

உங்கள் மருமகனுக்குப் போனது தொடையின் பின்தசை. வேகமாக ஓடும்போது கால் முன்னே வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை முழு நீளத்துக்கு இழுபட்டுக்கொண்டே காலை நிறுத்தப் பார்க்கிறது. அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் கிழியும். கல்லெறி பட்டது போல என்று நீங்கள் எழுதியதும், கண்டல் முழங்கால்வரை இறங்கியதும், இது சாதாரணப் பிடிப்பு அல்ல என்பதைக் காட்டுகின்றன. சுவீடனில் அஸ்க்லிங் என்பவர் உயர்மட்ட உதைபந்தாட்ட வீரர் 75 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார். தசையை நீட்டியபடியே பலப்படுத்தும் பயிற்சிகளைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாட்களில் திரும்பினார்கள். வழமையான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாட்கள் எடுத்தன. இருபத்தெட்டு என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தவர்களின் சராசரி என்பதை மறக்கவேண்டாம். துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் கட்டிலில் கிடந்தவனுக்கு அந்த இலக்கம் பொருந்தாது.

அவனை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடிக்காமல், நோவுள்ள காலைத் தன் முழு வேகத்தில் மேலே வீசச் சொல்லுங்கள். நோகிறதா என்று மட்டும் கேட்காமல், வீசும்போது பயம் வருகிறதா என்றும் கேளுங்கள். ஒரு கணம் தயங்கினாலும் அவன் இன்னும் ஆறவில்லை. மற்றக் காலையும் அதேபோல வீசச் சொல்லி ஒப்பிடுங்கள். இதைக்கூட முதலில் மெதுவாக நடை, பின் ஓட்டம், பின் முக்கால் வேகம் என்று நோவில்லாமல் கடந்த பிறகே செய்யவேண்டும். இன்றைக்கே செய்து பார்த்துவிட்டு எனக்குத் திட்டவேண்டாம்.

உவர்மலை வாசகன்:

மூவருக்கும் நன்றி. மார்க்கம் வீதித் தம்பி சொன்ன வயதுக் கணக்கை நான் யோசித்ததே இல்லை. பெடியனிடம் தோற்றதாக ஒப்புக்கொள்ளாமல் வழக்கை முடிப்பதற்கும் அது உதவும்.

ஆனால் ஒரு தடை எழுப்பவேண்டும். புளோரிடா அணியின் மத்தியூ கசக் 2025 மாசியில் காயப்பட்டு, பிளேஓஃபின் தொடக்கத்தில் திரும்பி, 23 ஆட்டங்களில் 23 புள்ளி எடுத்தார். கிண்ணம் கைக்கு வந்த பிறகே, உட்தொடைத் தசை எலும்பிலிருந்து பிய்ந்த நிலையில் ஆடியதாக வெளியே சொன்னார்கள். அதுவரையும் "கீழுடல் காயம்" என்ற அந்தப் புளித்துப்போன சொல்தான். பிறகு சத்திரசிகிச்சை, அடுத்த பருவத்தின் முதல் மாதங்கள் போயின. அவருக்கு 2030 வரை ஒப்பந்தம் இருந்தது, சம்பளம் நிற்காது, ஆகவே துணிந்தார். மறுபுறம் கொலராடோ அணித்தலைவர் கேப்ரியல் லன்டஸ்கொக்கைப் பாருங்கள். முழங்காலுக்கு மாற்றுக் குருத்தெலும்பு வைத்து, 1,032 நாட்கள் காத்திருந்து, 2025 ஏப்ரலில் டலாஸ் அணிக்கு எதிராக இறங்கினார். அவருக்கும் 2029 வரை ஒப்பந்தம், ஆகவே பொறுத்தார். ஒரே பாதுகாப்பு ஒருவரைத் துணியவும் மற்றவரைப் பொறுக்கவும் வைத்திருக்கிறது. அப்படியென்றால் தீர்மானிப்பது வயதா, ஒப்பந்தமா?

எங்கள் பெடியனுக்கோ இரண்டுமே இல்லை. ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை. வயது இருபது என்றாலும், ஸ்டாம்கோஸைப் போல அவன் யார் என்று கொழும்புக்காரருக்குத் தெரியாது. வருபவர் பார்க்கப்போவது அந்த ஓர் ஆட்டம்தான். தம்பியின் கணக்குப்படி அவன் 37 வயதுக்காரனின் இடத்தில் அல்லவா நிற்கிறான்?

மார்க்கம் வீதி:

சேர், நல்ல இடத்தில் மடக்கிவிட்டீர்கள். வயது என்று நான் சொன்னது பிழை. வாங்குபவருக்கு வீரரைப் பற்றி முன்னரே எவ்வளவு தெரியும் என்பதுதான் கேள்வி. என்எச்எல்லில் ஒவ்வோர் ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் பதிவில் இருப்பதால், இளம் வீரருக்கு அது தானாகவே கிடைத்துவிடுகிறது. மூத்தவருக்கும் பழைய பதிவு இருக்கிறது, ஆனால் நேற்றைய உடம்புக்கு அது சாட்சி சொல்லாது. கசக், லன்டஸ்கொக் இருவரிடமும் ஜூலைக் கேள்வியே எழவில்லை. அவர்களுடைய தீர்மானம் காயத்தின் தன்மையோடு மட்டும் நின்றது: ஒன்று பொறுத்துக்கொண்டு ஆடக்கூடிய கிழிசல், மற்றது காலைத் தரையில் ஊன்றவே விடாத முழங்கால்.

உங்கள் மருமகனிடம் இல்லாதது வயதோ ஒப்பந்தமோ அல்ல, பதிவு. இந்தப் பருவத்தில் அவன் ஆடிய ஆட்டங்களை யாராவது கைபேசியில் எடுத்திருக்கிறார்களா? இங்கே பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரே ஆட்டத்தை எடுத்து, பிள்ளை பந்தைத் தொடும் இடங்களை வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள்.

அலஸ்தோட்டம் இயன்மருத்துவர்:

அப்படி அனுப்பினால், காயத்தை மறைக்கவேண்டாம். எந்தத் திகதியில் காயம், என்ன பயிற்சி நடக்கிறது, எப்போது ஓடக்கூடும் என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். எழுதித் தர நான் ஆயத்தம். பின்தசை ஒருமுறை கிழிந்தவனுக்கு மறுபடி கிழியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது எந்தக் கழகத்துக்கும் தெரியும். அரைகுறையாக இறங்கி அவர்களுடைய கண் முன்னே விழுவதைவிட, ஆறு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லும் கடிதம் மேல்.

உவர்மலை வாசகன்:

நேற்றுப் பின்னேரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நடையும் மெதுவான ஓட்டமும் நோவில்லாமல் போகிறது என்றான். முற்றத்தில் முக்கால் வேகத்தில் ஓடச் சொன்னேன். ஏழெட்டு அடியிலேயே காலைச் சுருக்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். "நோகவில்லை மாமா, சும்மா நிறுத்தினேன்" என்றான். அவனுடைய தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கால் வீசும் சோதனைக்குப் போகவே இல்லை.

அவனுடைய கூட்டாளி ஒருவன் மூன்று ஆட்டங்களைக் கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறான். ஒன்றில் பாதி நேரம் மரக்கிளைதான் தெரிகிறது, மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. அவற்றை வெட்டி அனுப்ப அண்ணர் மகன் ஸ்காபரோவிலிருந்து உதவுவதாகச் சொல்லிவிட்டான். கொழும்புக்காரரின் தொலைபேசி இலக்கத்தை இன்று கழகச் செயலாளரிடம் கேட்டு வாங்கவேண்டும். இயன்மருத்துவர் தம்பி, அந்தக் கடிதத்துக்காக வெள்ளிக்கிழமை காலை பெடியனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அரையிறுதிக்கு அவன் இல்லை என்று கழகத்துக்குச் சொல்லும் வேலையையும் நானே ஏற்றுக்கொண்டேன்.